ஸ்ரீரங்கன் அழித்த கோடுகள்

சொந்தக் கோத்திரம் மறந்துபோனவர்கள் மயிலாப்பூரில் ஸ்ரீரங்கனிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். தாத்தா பெயரும் பூர்வீக ஊரும் சொன்னால் போதும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்புறம், "ஆத்ரேயம். உங்க சித்தப்பா பிள்ளைக்கு நான்தானே ஓய் பெண் பார்த்துக் கொடுத்தேன்?" என்பார். வந்தவர் அசடு வழியத் திரும்பிப் போவார்.

கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு மாடியறையில் வரன் தகவல் நிலையம் நடந்தது. அதில் அவர் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. பெண்களுக்குச் சிவப்பு அட்டைப் பதிவேடு, பிள்ளைகளுக்கு நீல அட்டை. பெயர், நட்சத்திரம், கோத்திரம், தகப்பனார், தகப்பனாரின் தகப்பனார், உத்தியோகம், எதிர்பார்ப்பு என்று கட்டம் போட்டு அச்சடித்தது. அந்தக் கட்டங்கள் வழியாக ஊரில் பாதிக் கல்யாணம் நடந்தது. எழுதியவருக்கு மட்டும் நடக்கவில்லை. யாராவது கேட்டால், "எனக்குத் தோதான ஜாதகம் இன்னும் பதிவாகலை" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில், விதவையான தங்கை ஜானுவும் அவள் பெண் நீரஜாவும் அவரோடு இருந்தார்கள். நீரஜாவுக்குக் காலேஜில் கடைசி வருஷம். அவளை அவள் அத்தை பிள்ளை ராஜகோபாலனுக்கு என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தது. பையன் தியாகராய நகரில் ஒரு பாங்கியில் வேலை பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவான். அவன் வருகிற அன்றைக்கு நீரஜா இரண்டு தடவை தலை வாரிக்கொள்வாள். அந்த வீட்டில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சனிக்கிழமைதான்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் லஸ் முனையில் பழைய புத்தகம் விற்கிற இனாயத், ஸ்ரீரங்கனைக் கைதட்டிக் கூப்பிட்டான். தடியாக ஒரு புத்தகம். கறுப்புத் துணி அட்டை.

"சாமி, இத்தப் பாரு. சீமை ராஜாங்க வம்சம் பூரா இதுல கீது. உனக்குத்தான்னு எட்த்து வெச்சேன்."

"எந்த பாஷைடா இது?"

"ஜெர்மன். அடையாறுல ஒரு பழைய பங்களாவ இட்ச்சாங்கோ, அங்கேர்ந்து வந்துது. ஒரு வெள்ளக்காரம்மா ஒண்டியா இருந்து செத்துப் போச்சாம். இன்னா ஊடு சாமி அது! மேஜை, நாற்காலி, கட்டிலு, அல்லா மூலைக்கும் பஞ்சு வெச்சு, துணி சுத்தித் தச்சு வெச்சுகீது. கொய்ந்தையே இல்லாத ஊட்ல! சாமானத் தூக்கறப்போ எனக்கே ஒரு மாதிரி ஆய்ட்சு."

ஸ்ரீரங்கன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாஷை தெரியாமலே படிக்கிற புத்தகம் அது. பிறந்த தேதிக்கு ஒரு நட்சத்திரம், இறந்த தேதிக்கு ஒரு சிலுவை, கல்யாணத்துக்கு ஒன்றில் ஒன்று கோத்த இரண்டு வளையம். பிறப்புக்கு நட்சத்திரம் போடுகிற ஜனங்கள் என்றதும் அவருக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து நிலையத்தில் மத்தியான நேரத்தில் ஆள் வராதபோதெல்லாம் ஹெஸ்ஸே வம்சமும் பிரஷ்ய வம்சமும்தான். ஒரு வாரத்தில் அவருக்கு அந்த அரண்மனைகளில் யார் பெண் கொடுத்தவர், யார் எடுத்தவர் என்பதெல்லாம் தெருவில் பார்த்தவர்கள் மாதிரிப் பழகிவிட்டது. அந்தஸ்தில் குறைந்த பெண்ணைக் கட்டிக்கொண்டால் அதற்கு இடது கைக் கல்யாணம் என்று பெயராம், பிள்ளைகளுக்குப் பட்டம் கிடையாதாம். வாசகசாலையில் தடித்த இங்கிலீஷ் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது, அதில் பார்த்துத் தெரிந்துகொண்டார். "நம்மாத்துல இதை எதிர்பார்ப்புக் கட்டத்துல எழுதிடறோம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று ஜானுவிடம் சொன்னார்.

ஒரு விஷயம்தான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. ஹெஸ்ஸே வம்சத்து இரேனே என்கிற இளவரசி, பிரஷ்யாவின் ஹைன்ரிஷைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருடைய அம்மாக்களும் உடன்பிறந்த அக்கா தங்கை.

"பெரியம்மா பிள்ளையைக் கட்டிண்டிருக்கா ஜானு! அண்ணன் முறை! கேக்க ஆளில்லையா அந்த ஊர்ல?"

"ராஜா வீட்டுல யார் அண்ணா கேப்பா?" என்றாள் ஜானு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

புத்தகத்தில் ஒரு தொந்தரவு இருந்தது. யாரோ பென்சிலால் கோடு இழுத்து வைத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கி அவள் மகள் பெயருக்கு, அங்கிருந்து அந்த மகளின் மகளுக்கு. பக்கம் தாண்டுகிற இடத்தில் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று குட்டி எண். ஆண்களின் பெயரை அந்தக் கோடு தொடவே இல்லை. ஆனால் அங்கங்கே சில சின்னப் பையன்களின் சிலுவைக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு துளி. கடைசி வெற்றுத் தாளில் பெயர் எதுவும் இல்லாமல் இரண்டு வளையம், அதற்குக் கீழே இரண்டு நட்சத்திரம். முதல் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புத் துளி.

வம்சம் என்றால் தகப்பன் வழி. பெண் கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்கே அவள் கோத்திரம் மாறிவிடுகிறது, அப்புறம் அவள் பிறந்த வீட்டுக் கணக்கில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஸ்ரீரங்கன் கற்ற கல்வி அது. "யாரோ வேலையத்தவ கிறுக்கியிருக்கா" என்று சொல்லி, ஒரு மத்தியானம் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோடாக அழித்தார். தேய்க்கத் தேய்க்கப் போய்விட்டது. சிவப்புத் துளிகள் மட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அழித்துத் துகளை ஊதிவிட்டு மூடி வைத்தார். மறுநாள் திறந்தபோது புத்தகம் தானாகப் பிளந்து இரேனேயின் பக்கத்தில் நின்றது. அதற்கு அடுத்த நாளும் அதே பக்கம். தையல் விட்டுப்போன புத்தகம் அப்படித்தான் திறக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அதைத் திறக்கும்போது, தோளுக்குப் பின்னால் நின்று யாரோ கூடவே படிக்கிற மாதிரி இருந்தது. இரண்டொரு தடவை திரும்பியும் பார்த்தார்.

அந்தச் சிவப்புத் துளி என்ன என்று அவருக்குக் குடைச்சல். இரேனேயின் கடைசிப் பிள்ளைக்கும் தகப்பன் பெயர்தான், ஹைன்ரிஷ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நட்சத்திரம், நாலில் சிலுவை, பக்கத்தில் துளி. வாசகசாலைக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினார். ரத்தம் உறையாத வியாதி, நாலு வயசில் இறந்தான், பெற்றோர் நெருங்கிய உறவு என்று போட்டிருந்தது.

ஸ்ரீரங்கனுக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு தம்பி இருந்தான். வேம்பு. ஆறு வயசில் ஒரு பால் பல் விழுந்தது. விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. மூன்று நாள். ஒன்பது வயசு ஸ்ரீரங்கன்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாயருகே பித்தளைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வேம்பு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போய், "போறும்ண்ணா, கையை வலிக்கும்" என்றான். அப்புறம் ஜானுவின் மூத்த பிள்ளை. நாலு வயசில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தான். பெரிய காயம்கூட இல்லை. இரண்டு நாளில் போய்விட்டான். கண் பட்டுவிட்டது என்றார்கள், ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். ஸ்ரீரங்கனின் அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமா பெண். ஜானு வாழ்க்கைப்பட்டதும் சொந்தத்தில்தான்.

அவருக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாகிவிட்டது. சொந்தத்துக்குள் கட்டினால் ரத்தம் கெடுகிறது. முறையுள்ள சொந்தமோ, முறையில்லாத சொந்தமோ, ரத்தத்துக்கு அது தெரியாது. தேடி வந்தது கிடைத்துவிட்டது, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டார். இன்னும் பத்து வரி படித்திருக்கலாம். படித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஒரே ஒரு இடம் இடித்தது. இரேனேக்கு ஒரு தம்பி, ஃப்ரீட்ரிஷ். இரண்டரை வயசில் ஜன்னலிலிருந்து விழுந்து அன்றைக்கே போனவன். அவனுக்கும் துளி இருந்தது. அவனைப் பெற்றவர்களோ நெருங்கிய உறவே இல்லை. "ஜன்னல்லேர்ந்து விழுந்தா யாருக்குத்தான் ரத்தம் வராது" என்று அதைத் தள்ளிவிட்டார்.

நீரஜாவை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். ஜானு கதவோரம் நின்றாள்.

"ராஜு நல்ல பிள்ளைதான். அவன்மேல ஒரு குத்தமும் சொல்லலை. ஆனா சொந்தத்துல வேண்டாம்டீ. உன் குழந்தைக்கு வேம்பு மாதிரி ஆயிடுத்துன்னா என்னால தாங்க முடியாது."

நீரஜா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவா யாரோ, நாம யாரோ மாமா."

"ரத்தத்துக்கு ஊர் ஏது?"

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "நீங்க தெரிஞ்சுண்டுதானே சொல்றேள்?"

"தெரிஞ்சுண்டுதான் சொல்றேன்."

"அப்படின்னா சரி" என்று எழுந்து உள்ளே போனாள். அடுத்த சனிக்கிழமை ராஜகோபாலன் வந்தபோது அவள் தலை வாரிக்கொள்ளவில்லை. ஆறு மாதம் கழித்து அவன் அம்மாவே நிலையத்துக்கு ஏறி வந்து அவன் ஜாதகத்தைப் பதியச் சொன்னாள். நீலப் பதிவேட்டில் ஸ்ரீரங்கன்தான் எழுதினார். எதிர்பார்ப்புக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. பையன் நாக்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஸ்ரீரங்கன் தன் பதிவேடுகளையெல்லாம் சலித்து ஒரு வரனைப் பிடித்தார். சம்பத், எஞ்சினீயர், அடையாறில் சொந்த வீடு. ஏழு தலைமுறைக்கு எந்த உறவும் கிடையாது என்று தானே உட்கார்ந்து சரிபார்த்தார். எழுபத்தொன்று தை மாதம் கல்யாணம். பந்தலில் அவர் நடையைப் பார்க்க வேண்டுமே, ஒரு வம்சத்தையே காப்பாற்றியவர் மாதிரி!

அந்த வருஷ ஐப்பசி மழையில் வீடு ஒழுகி, புத்தகத்துக்குக் கொஞ்சம் ஈரம் ஏறிவிட்டது. ஜன்னலோரம் காய வைத்தவர், சாய்ந்த வெயிலில் பார்த்தார். அழித்த கோடுகள் தாளுக்குள்ளிருந்து தடம் தடமாக எழும்பியிருந்தன. நன்றாக அழுத்திப் போட்ட கோடுகள் போலிருக்கிறது. விரலால் தடவினால் அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து மகளுக்கு என்று விரலை இழுத்துக்கொண்டு போயின. அவர் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

எழுபத்துமூன்றில் நீரஜாவுக்குப் பிள்ளை பிறந்தது. "அவனே வந்துட்டான் அண்ணா" என்று ஜானு அழுது அடம்பிடித்து, செத்துப்போன தம்பியின் பெயரையே வைத்தாள். இரண்டாவது வேம்பு. தவழத் தொடங்கியபோது குழந்தையின் முழங்காலில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. ஒன்று மறைந்தால் பக்கத்தில் இன்னொன்று, தோலுக்கு அடியிலிருந்து எழும்பி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்ரீரங்கனுக்கு ஈரத்தில் எழும்பிய கோடுகள் ஞாபகம் வந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

எழுபத்தாறு ஆவணியில் வேம்பு ஊஞ்சல் பலகையிலிருந்து விழுந்தான். ஒரு முழ உயரம்கூட இருக்காது. உதட்டில் பல் பட்டுச் சின்னக் கீறல். காலையில் விழுந்தவனுக்கு மறுநாள் சாயங்காலமும் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஸ்ரீரங்கன் கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தையின் வாயருகே கிண்ணத்தைப் பிடித்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் அதே கை மறுபடியும் ஒரு கிண்ணத்தைப் பிடித்தது. குழந்தை கண்ணைத் திறந்து அவரையே பார்த்தது. அது வாயைத் திறந்து, கையை வலிக்குமே அண்ணா என்று சொல்லிவிடுமோ என்று அவர் பயந்தார்.

பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி நாலாம் நாள் நின்றது. டாக்டர் அப்துல் வஹீத் நீரஜாவையும் ஸ்ரீரங்கனையும் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா வழியில ஆம்பளைக் குழந்தைங்க யாராவது இப்படி ரத்தம் நிக்காம போயிருக்காங்களா?"

ஸ்ரீரங்கன் சொன்னார். தம்பியை, ஜானுவின் பிள்ளையை. டாக்டர் ஒரு தாளை எடுத்துப் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டார். வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு இழுத்தார். எந்தச் சதுரத்தையும் அந்தக் கோடு தாண்டிப் போகவில்லை.

"உறவுல கட்டினதால வந்ததா டாக்டர்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பெரியவரே. அப்பா யாரா இருந்தாலும் ஒண்ணுதான். இது உங்க தாயார்கிட்டேர்ந்து உங்க தங்கைக்கு, அவங்ககிட்டேர்ந்து இவங்களுக்கு வந்திருக்கு. பொம்பளைங்களுக்கு ஒண்ணும் செய்யாது. சுமந்துக்கிட்டு மட்டும் போவாங்க. பையன் இருப்பான், ஆனா விழாம, அடிபடாமப் பாத்துக்கணும்." பிறகு நீரஜாவின் மடியில் தூங்கிய ஐந்து மாதக் கைக்குழந்தையைப் பார்த்தார். "இது பொண்ணா?"

"பொண்ணு."

"ம்" என்று மட்டும் சொல்லி, தாளில் கடைசியாக ஒரு சின்ன வட்டம் போட்டார்.

ஸ்ரீரங்கன் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தார். ஒரு பென்சிலைப் படுக்கப் பிடித்துப் பக்கம் பக்கமாக லேசாகத் தீட்டினார். கறுப்புக்கு நடுவில் அழித்த கோடெல்லாம் வெள்ளையாக எழுந்து வந்தது. ஜன்னலிலிருந்து விழுந்த ஃப்ரீட்ரிஷின் அம்மாவும் அந்தக் கோட்டில்தான் இருந்தாள். கடைசித் தாளையும் தீட்டினார். பெயரில்லாத இரண்டு வளையம். கீழே இரண்டு நட்சத்திரம். அன்றைக்கு அவர் கவனிக்காமலே அழித்த ஒரு கோடு மேலேயிருந்து அந்த வளையத்துக்குள் இறங்கி, துளியில்லாத இரண்டாவது நட்சத்திரத்தைத் தொட்டு, தாளின் விளிம்புவரை போயிருந்தது. அந்த அம்மாள் தன் வீட்டைத்தான் எழுதினாளோ என்னவோ. நீரஜாவுக்கும் மூத்தது பிள்ளை, அடுத்தது பெண்.

மறுநாள் காலை புத்தகத்தோடு அடையாறுக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார். கூடத்தில் நீரஜா தரையில் உட்கார்ந்து ஊஞ்சல் பலகையின் மூலைக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கும், நாற்காலிக்கும், கட்டிலுக்கும் ஏற்கெனவே முடித்திருந்தாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இனாயத் பார்த்துவிட்டு வந்த வீட்டை ஸ்ரீரங்கன் எட்டு வருஷம் கழித்து இப்போது பார்த்தார்.

"உக்காருங்கோ மாமா. அந்த வேஷ்டித் துண்டை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தார். அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? ராஜு அத்தானைப் பண்ணிண்டிருந்தாலும் வேம்புவுக்கு இப்படித்தான் ஆகியிருக்குமா?"

"ஆமாம்."

"அப்போ எதுக்கு மாமா?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகக் கேட்டாள், கடையில் விலை கேட்பது போல.  ஸ்ரீரங்கன் மடியில் வைத்திருந்த புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"எல்லாம் இதுல இருந்ததுடீ. அம்மாலேர்ந்து பொண்ணு, பொண்ணுலேர்ந்து பொண்ணு, அந்த அம்மா கோடு போட்டே வெச்சிருந்தா. எனக்கு அது வேண்டாத கோடுன்னு பட்டுது. நான்தான் அழிச்சேன்."

நீரஜா பக்கங்களைத் திருப்பினாள். கடைசித் தாளில் அவள் கை நின்றது. தொட்டிலில் தூங்கிய பெண் குழந்தையை ஒரு தடவை பார்த்தாள். அழவில்லை. தையல் சாமானுக்குள் துழாவி ஒரு பென்சில் எடுத்து, புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் கீழேயிருந்து எழுதத் தொடங்கினாள். முதலில் குழந்தையின் பெயர். அதற்கு மேலே தன் பெயர். அதற்கு மேலே ஜானு. அதற்கு மேலே ஜானுவின் அம்மா பெயரை எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் இணைத்தாள். அப்புறம் பென்சிலை இன்னும் மேலே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, நிமிர்ந்தாள்.

"உங்கம்மாவோட அம்மா பேர் என்ன மாமா?"

ஸ்ரீரங்கன் வழக்கம்போல மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் வந்தது, அவர் அப்பா பெயர் வந்தது, அவருக்கும் அப்பா பெயர் வந்தது. கோத்திரம் வந்தது, சூத்திரம் வந்தது, பூர்வீக ஊர் வந்தது. நீரஜா பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்தும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.